நீ வர வேண்டாம் மாரி

தாராவி
கார்த்திகை, வெள்ளிக்கிழமை

அன்பு மகள் முத்துமாரிக்கு அம்மா எழுதுவது. இங்கே என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, ஜெர்மனிக் குளிரில் உன் உடம்பு எப்படி இருக்கிறதோ, தலைக்குக் குளித்தால் ஈரம் போகத் துவட்டுகிறாயோ இல்லையோ. உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும் என்று பெரிது பெரிதாக எழுதியிருக்கிறேன், சிரிக்காதே. போனில் பேசினால் யார் கேட்பார்களோ என்று பயம். தோல் பட்டறை ஷாகுல் ஹமீது அண்ணன் துபாய் போகிறார், அங்கிருந்து தபாலில் சேர்ப்பதாகச் சொன்னார்.

அந்த அரசாங்கக் காகிதங்களை நீ உங்கள் இணையப் பத்திரிகையில் போட்ட அன்று நம் சந்தில் வெடி போட்டார்கள். நம்மைக் கொண்டுபோய்க் குடிவைக்கப் பார்த்த இடத்தில் மண்ணே விஷம் என்று அவர்களே சோதித்து எழுதி, அவர்களே மூடி வைத்திருந்தது வெளியே வந்துவிட்டதே. கோர்ட்டில் தடை வாங்கியாயிற்று, இன்னும் ஒருவரும் காலி செய்யவில்லை. ஆனால் நீ போன பிறகு போலீஸ் வீடு வீடாக ஏறி இறங்கியதில், நம் வாசலில் வேற்றுச் செருப்பு கிடந்தே நாளாயிற்று. உன்னால் வீடு தப்பியவர்கள்தான் என்னைக் கண்டதும் செல்போனைப் பார்க்கிறார்கள். நான் சமைக்கப் போகும் வீட்டு மாட்டுங்கா மாமியும், ஆத்துக்காரர் பயப்படறார், கொஞ்ச நாள் வராதே என்றுவிட்டாள். கோபம் வருகிறது, யாரிடம் போய்க் கத்த? டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டு சாப்பிடுகிறேன், அதுதான் எனக்குப் பேச்சுத் துணை.

பக்கத்து வீட்டுச் சுரேந்திரன்தான் தான் வேலை பார்த்த அரசாங்க ஆபீசிலிருந்து உனக்குக் காகிதம் எடுத்துக் கொடுத்தவன் என்பதே அவனைப் பிடித்துக்கொண்டு போனபோதுதான் எனக்குத் தெரியும். எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று கேட்டிருந்தாய். வக்கீல் சொன்னார், ஜெராக்ஸ் எடுத்த கட்டின் முதல் தாள் உச்சியில் கைப்பழக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டிருக்கிறான். பேரையும் போன் நம்பரையும் கறுப்படித்து மறைத்த நீ அதை மட்டும் விட்டுவிட்டாய். பிறந்ததிலிருந்து மளிகைச் சீட்டு முதல் கல்யாணப் பத்திரிகை வரை பார்த்த கண்ணுக்கு அது தனியாகத் தெரிந்திருக்காது. அந்த ஆபீசில் தமிழாள் அவன் ஒருத்தன்தான், வேறு என்ன துப்பு வேண்டும்? உன்னைக் குற்றம் சொல்லவில்லை மாரி. எனக்கும் இந்தக் கடிதத்தில் சுழி போடக் கை வரவில்லை, பிள்ளையார் கோபித்தால் கோபித்துக்கொள்ளட்டும்.

சுரேந்திரன் அண்ணன் உள்ளே கிடக்கும்போது நான் மட்டும் வெளியே இருப்பது நியாயமில்லை, தை பிறந்ததும் வந்து சரணடைகிறேன் என்று ஷாகுல் அண்ணன் மகள் பரீஹாவிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாய். பொய் சொல்ல மாட்டேன், கேட்டதும் எனக்குச் சந்தோஷம்தான். ஜெயில் கம்பி வழியாகவாவது உன் முகத்தைப் பார்க்கலாமே என்று மனசு அலைந்தது. சுரேந்திரன் பெண்டாட்டி பானுமதி அவனைப் பிடித்ததிலிருந்து என் முகத்தைப் பார்ப்பதில்லை, இதைச் சொன்னால் ஆறுவாள் என்று குழாயடியில் போய்ச் சொன்னேன். அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, அவ வந்தா இவுக வந்துருவாகளா அத்த, ரெண்டு பேரும் உள்ள கெடந்தா அந்தக் காயிதம் நெசம்னு சொல்ல வெளிய யாரு இருக்கா, அங்கனயே இருந்து எழுதச் சொல்லுங்க என்றாள். அவ்வளவுதான், குடம் நிறைந்ததும் போய்விட்டாள். மறுநாளிலிருந்து பழையபடி பேச்சில்லை.

அதனால் நீ வர வேண்டாம். தைக்கும் வேண்டாம், சித்திரைக்கும் வேண்டாம். உன்னைப் பார்க்க வேண்டும் போலத்தான் இருக்கிறது, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். அம்மாவுக்கு ஒன்று ஆகிவிட்டது என்று யார் போன் செய்தாலும், அது உண்மையாகவே இருந்தாலும், விமானம் ஏறாதே. கொள்ளி வைக்க உன் பெரியப்பா மகன் இசக்கிப்பாண்டியிடம் சொல்லிவிட்டேன், சரி சித்தி என்றிருக்கிறான்.

உச்சினிமாகாளி உன் கூடவே இருந்து காப்பாற்றட்டும், நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும். வெளியே போனால் காதை மூடித் தொப்பி போட்டுக்கொள். இதைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடு, மடித்து வைத்துக்கொண்டு அழாதே.

உன்னைப் பெற்ற
ஆறுமுகத்தாய்