தோன்றலார் குரல் எழாமை குறித்து மேற்குன்றத்து அரசிக்கு விடுத்த ஓலை

நலம் பெருகுக. வற்றாத சுனைகளும் வளையாத வழக்குமன்றங்களும் உடைய மேற்குன்ற நாட்டின் செங்கோற்செல்வியார், புதியன படைக்கும் கணினிக் கூடங்களின் காவலர், தாழைக்கரைப் பேரரசர் தோன்றலாரின் திருமகளார், அரசி அல்லியங்கோதைத் தேவியாரின் திருமுன்னர், தாழைக்கரை நாட்டு ஓலைநாயகனும், முத்திரை காப்போனும், சென்ற அமாவாசை வரை அறிவுடையோன் என்று பெயர் பெற்றிருந்தவனுமாகிய அமைச்சன் குழைக்காதன் தலை தாழ்த்தி விடுக்கும் ஓலை. தங்கள் நாட்டில் மழை உரிய காலத்தில் பெய்க. தொட்டிலில் கிடக்கும் இளவரசி பசித்தபோது மட்டும் அழுக. இவ்வோலை படித்து முடியும்வரை தங்கள் சினம் சற்றே கண்ணயர்க.

முதலில் சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுவது நன்று. தங்கள் தந்தையாரின் பேச்சைக் குழைக்காதன் நிறுத்திவிட்டான்; பிழை அனைத்தும் இவனுடையதே. அரசர் திருமேனி நலமாகவே உள்ளது. வேளைக்கு அமுது கொள்கிறார், மாலையில் தோட்டத்தில் அமர்கிறார், மோர் புளித்திருந்தால் முகம் சுளிக்கிறார். அவருக்காகப் பேசும் கணினிதான் எழவில்லை.

தேவியார் அறியாததன்று. வாதம் கண்டு நா எழாமற்போன நாள்முதல், அரசர் ஒற்றை விரலால் விசைகளைத் தட்டுவதும், தட்டிய சொற்களை அக்கணினி உரக்க உரைப்பதும், அவ்வுரையையே நாடு அரசாணையாகக் கொள்வதும் வழக்கமாயின. எழுத்தாணி பிடிக்க அவர் கை நடுங்கும். அந்தப் பழைய விசைகளின் மேல் மட்டும் நடுங்காது. ஆதலால் புதுக் கணினி வாங்கலாம் என்று எவர் சொன்னாலும், வாங்கி நீர் வைத்துக்கொள்ளும் என்று அந்தக் கணினியே பதில் சொல்லும். அதன் குரல் தகரத்தைத் தரையில் இழுத்தாற்போல இருக்கும். ஆயினும் எழுப்பியவுடன் எழும், சொன்னதைச் சொல்லும், குறை கூறாது. அத்தகைய ஊழியரைக் குழைக்காதன் தன் வாழ்நாளில் வேறெங்கும் கண்டதில்லை, கண்ணாடியிலும் கண்டதில்லை.

அதைத் தொடாமல் விட்டிருக்கலாம். விடாததற்குக் காரணம் தங்கள் மகளாரின் பெயர் சூட்டு விழா. பெண்வழிப் பேரக்குழந்தைக்குத் தாய்வழிப் பாட்டனாரே பெயரிட வேண்டும் என்பதும், அவர் குழந்தை முன்னிலையில் அதை உரைக்கும்வரை வேறெவர் செவிக்கும் அப்பெயர் எட்டலாகாது என்பதும், எட்டினால் பெயரே மாற வேண்டும் என்பதும் இருநாட்டு மரபு. அரசர் மலையேற இயலாதவர்; ஆகவே பௌர்ணமியன்று திரைவழியே முகம் பார்த்துப் பெயரிடுவது என்று முடிவாயிற்று. அவ்வேளையில்தான் தங்கள் அரண்மனையின் திரைப்பேச்சு, எங்கள் பழைய இயங்குதளத்தை இனி வாயிலில் ஏற்காதென்றும், புதியதை நிறுவி வருக என்றும் அறிவித்தது. புதியதோ, இந்தக் கணினி நம் பட்டியலில் இல்லாத முதியவர், இவர்மேல் நாம் அமர மாட்டோம் என்றது.

அப்போது சும்மா இருந்திருக்க வேண்டிய குழைக்காதன், பேரக்குழந்தையின் பெயர் தகரக் குரலில் ஒலிக்கலாகாது என்றும், தன்னால் ஆகாதது ஒன்றில்லை என்றும் அவையில் முழங்கினான். தங்கள் தூதர் கொற்றங்குமரனார் ஒரு பென் டிரைவோடு வந்து சேர்ந்தார். அவர் முன்னிலையில் குழைக்காதன் தன் கையாலேயே பழைய இயங்குதளத்தை அழித்துப் புதியதை நிறுவினான். அழிப்பதற்கு முன் கணினி, உறுதியாகவா என்று கேட்டது. இவன் உறுதியாக இருந்தான்.

கணினி எழுந்தது. புதுக் குரல் தேனாக இருந்தது. அரசர் நெடுநேரம் யோசித்து முதற்சொல் தட்டினார். குழைக்காதா, வாயை மூடு, ஈ போகிறது என்று அத்தேன்குரல் உரைத்தது. அவை ஆர்ப்பரித்தது. இவனும் ஆர்ப்பரித்தான்; அதற்கு வாயைத் திறக்க வேண்டியிருந்தது.

கொற்றங்குமரனார் விடைபெறும்போது கைகூப்பி, இந்தப் பென் டிரைவு இங்கேயே இருக்கட்டும், கணினியை விட்டு இதைப் பிரிக்க வேண்டாம், திருப்பித் தருவதை நினைக்கவே வேண்டாம் என்று மொழிந்தார்.

இவ்விடத்தில் எங்கள் நாட்டு வழக்கைத் தேவியாருக்கு நினைவூட்டக் குழைக்காதன் பணிவுடன் ஒப்புதல் வேண்டுகிறான். தாழைக்கரையில் ஒரு பொருளைக் கொடுப்பவர் திருப்பித் தர வேண்டாம் என்று சொன்னால், அதை அப்படியே நம்புபவரை நல்ல வீட்டில் வளர்ந்தவர் என்று எவரும் சொல்லார். அடுத்த வீட்டிலிருந்து வந்த குழம்புக் கிண்ணங்கூட வெறுங்கிண்ணமாகத் திரும்பாது. எவ்வளவுக்கெவ்வளவு வேண்டாம் என்கிறார்களோ, அவ்வளவுக்கவ்வளவு சிறப்பாகத் திருப்ப வேண்டும். தூதர் அழுத்தமாகச் சொன்னார். ஆதலால் குழைக்காதன் அழுத்தமாகவே திருப்பினான். அரசர் நண்பகல் உறக்கத்தில் இருக்க, கணினியை முறைப்படி அணைத்து, பென் டிரைவைக் கழற்றி, சந்தனமிட்டு, பட்டில் பொதிந்து, பலாப்பழங்களும் கருப்பட்டியும் சூழ யானைமேல் ஏற்றி, மேளம் முழங்கத் தங்கள் எல்லை வரை உடன் சென்று வழியனுப்பிவிட்டுத் திரும்பினான். அன்று மாலை நாட்டிலேயே மிகவும் நிறைந்த மனத்தோடு உண்டவன் இவன்தான்.

மறுநாள் காலை கணினி எழவில்லை.

எழவில்லை என்றால் முற்றிலும் எழவில்லை என்பதன்று. விளக்கு எரியும், உள்ளே விசிறி சுழலும், கருந்திரையின் நடுவில் ஒரு கேள்விக்குறி தோன்றும், மறையும், மறுபடி தோன்றும். அவ்வளவே. அரசர் விசைகளைத் தட்டினார். கேள்விக்குறி அவரைக் கேட்டது. அவர் குழைக்காதனைப் பார்த்தார். இவன் சேனாதிபதியைப் பார்த்தான். சேனாதிபதி வெட்சிக்கண்ணனார் மீசையை நீவியபடி, ஓடிக்கொண்டிருந்த தேரைத் துடைக்கிறேன் என்று அச்சாணியைக் கழற்றியவர் எவரோ, கணினி அவர் பெயரைத்தான் கேட்கிறது போலும் என்று அவையறியச் சொன்னார். தேவியார் அறிவீர்கள், அவருக்கும் இவனுக்கும் வாய்க்கால் தகராறு பழையது.

செய்யாத மருத்துவமில்லை. அணைத்து எழுப்பினார்கள். சங்கு ஊதி எழுப்பினார்கள். வயரைக் கழற்றி வேறு துளையில் மாட்டினார்கள். உள்ளிருந்த ராம் என்னும் நினைவகத் துண்டை எடுத்து, பள்ளிக்கூடத்து ரப்பரால் துடைத்து, ஊதிப் பொருத்தினார்கள். நிமித்தகர் கணினியைக் கிழக்கு நோக்கித் திருப்பினார். கேள்விக்குறி கிழக்கு நோக்கிக் கேட்டது.

தங்கள் நாட்டு ஐயந்தீர் மண்டபத்துக்கு இவன் விடுத்த ஓலைகளுக்கு வந்த மறுமொழிகளையும் குறிப்பிடாமல் இயலாது. முதல் மறுமொழி, தங்கள் மடலைப் பெற்றதில் மண்டபம் பெருமகிழ்ச்சி அடைகிறது என்றது. அடுத்தது, அணைத்து எழுப்பிப் பார்த்தீர்களா என்றது. அதற்கடுத்தது, தங்கள் கணினி எம் பட்டியலில் இல்லை, ஆதலால் அதற்கு வந்த நோயும் எம் பட்டியலில் இல்லை, இல்லாத நோய் தீர்ந்ததாகக் கொண்டு இம்முறையீட்டை முடித்துவைக்கிறோம் என்றது. சேவை எவ்வாறிருந்தது என்று விண்மீன் வரைந்து தெரிவிக்கும்படியும் வேண்டியிருந்தது. குழைக்காதன் வரைந்து அனுப்பினான். சினத்தில் எண்ணிக்கை கூடிவிட்டிருக்கலாம்.

எதையும்விட இவனை வருத்தியது வேறு. பிழை எவருடையது என்று இவன் ஒவ்வொருவரிடமும் கேட்டான். நிமித்தகர் கேதுவினுடையது என்றார். பண்டாரம் காப்போர், மின்சாரத்தினுடையது, அமைச்சர் பெருமானுக்கும் பிழைக்கும் தொடர்புண்டோ என்றார்கள். சேனாதிபதிகூட, தனியே கேட்டபோது, விடும் ஐயா, யாருக்குத்தான் நேராது என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். அவர் ஏசியிருந்தால் இவன் உறங்கியிருப்பான்.

பிற்பகல்தோறும் குழைக்காதன் அரசர் அருகே அமர்ந்து, வாய்க்கு வந்ததையெல்லாம் பேசி, அவரது மௌனத்தைத் தன் சத்தத்தால் நிரப்ப முயன்றான். ஒருநாள் மனம் கேளாமல், பெயர் மட்டும் எதுவென்று இவனுக்குக் குறிப்பால் உணர்த்தினால் விழாவில் அதை இவனே உரைத்துவிடுவான் என்று விண்ணப்பித்தான். அரசர் மறுத்துத் தலையசைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது. அது மரபுக்காக மட்டும் மறுத்ததன்று என்பது இவனுக்கே புரிந்தது. மகள் வயிற்றுப் பேத்தியை அவர் தாமே அழைக்க வேண்டும். முதல் முறையேனும் வேறு வாய் அழைக்கலாகாது.

அந்நாள்களில் அரசர் அடிக்கடி கணினியின் பக்கவாட்டைச் சுட்டிக் காட்டினார். அங்கே தூசி என்று எண்ணித் துடைத்தார்கள். வெயில் படுகிறது என்று எண்ணித் திரை கட்டினார்கள். பூச்சூட்டச் சொல்கிறார் என்று எண்ணி மல்லிகை சூட்டினார்கள். மல்லிகையைக் கண்டதும் அரசர் கண்களை மூடிக்கொண்டார். மெய்ம்மறந்து மகிழ்கிறார் என்று அவைக்குறிப்பில் பதிவாயிற்று, பதிந்தவன் இவனே.

நேற்று முற்பகல், வெற்றிலைத் தட்டு வந்தது. அரசர் ஒரு வெற்றிலையை எடுத்தார். காம்பைக் கிள்ளினார். இலையைத் தட்டிலேயே போட்டுவிட்டு, காம்பை நடுங்கும் விரல்களால் பிடித்துக் குனிந்து, மல்லிகையை ஒதுக்கி, கணினியின் பக்கத்துத் துளையில் செருகினார். முதலில் தவறியது. மறுபடி முயன்று செருகினார். செருகிவிட்டு நிமிர்ந்து, குழைக்காதனை அருகே வரச் சொல்லிக் கையசைத்து, இவன் பணிந்து குனிந்ததும், உச்சந்தலையில் ஒரு குட்டு வைத்தார்.

குட்டு விழுந்த இடத்திலிருந்து அறிவு பிறந்தது. தூதர் பென் டிரைவைச் செருகும்போது சொன்ன சொல் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பட்டியலில் இல்லாத முதியவரைப் புது இயங்குதளம் தானாக உள்ளே விடாது. வாயிலில் நின்று, இவர் நம்மவர்தான், விடுங்கள் என்று சொல்ல ஒரு தெரிந்த ஆள் வேண்டும். அந்த ஆள் கணினிக்குள் இல்லை, இந்தப் பென் டிரைவுக்குள்தான் இருக்கிறார் என்று அவர் விளக்கியிருந்தார். அவர் பிரிக்க வேண்டாம் என்றது உபசாரமன்று. அது செயல்முறை. அவையில் அத்தனை பேரும் அதைக் கேட்டோம். சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொண்டவர் பேச இயலாத ஒருவர் மட்டுமே. கணினியை எழுப்பும் ஆளைத்தான் குழைக்காதன் பலாப்பழத்தோடு யானைமேல் ஏற்றி மேளம் கொட்டி நாடு கடத்தியிருக்கிறான்.

ஆகவே இவ்வோலையால் வேண்டிக்கொள்வது: தங்கள் கருவூலத்தில் பட்டில் பொதிந்து வைத்திருக்கும் அப்பென் டிரைவை, ஓலை கொணரும் குதிரை வீரனிடம் கொடுத்தனுப்புக. யானை வேண்டாம், யானை மெல்ல நடக்கும். சீர் வேண்டாம். சந்தனம் பூசியிருந்தால், முனையை மட்டும் உலர்ந்த துணியால் துடைத்தனுப்புக. திருப்பித் தர வேண்டாம் என்று தாங்கள் ஒருமுறை சொன்னால் போதும். தாழைக்கரை வரலாற்றில் முதன்முறையாக நம்பிவிடுகிறோம். அது வந்து செருகப்பட்டபின் எவரேனும் அதைத் தொட்டால், தொட்டவர் அமைச்சரேயாயினும் யானைக் கொட்டிலில் ஊழியம் செய்யக் கடவர் என்று ஆணை இங்கே முன்னமே எழுதப்பட்டுவிட்டது. எழுதியவனுக்கு அக்கொட்டிலின் மணம் பழக்கமே.

பௌர்ணமியன்று இளவரசியைத் திரையின் அருகே பிடித்துக்கொள்க. பெயர் தேன்குரலில் வரும். பெயர் வந்தபின் சிறிது நேரம் ஒன்றும் வாராது போனால் கணினி பழுதென்று எண்ணற்க. அரசர் கண் துடைத்துக்கொண்டிருப்பார்.

இருநாட்டு எல்லைக் காவலரும் சுங்கம் கொள்வோரும் இக்குதிரை வீரனைப் போகும்போதும் வரும்போதும் நிறுத்தாதிருக்கக் கடவர். இது தோன்றலார் ஆணை.

இவ்வோலை அரசர் திருமுன் முழுதும் வாசிக்கப்பட்டது. வாசித்து முடித்தபின், பிழை அனைத்தும் இவனுடையதே என்று எழுதியிருப்பதில் தூதருக்கும் நாட்டு வழக்குக்கும் கொஞ்சம் பங்கு ஒதுக்கலாமா என்று குழைக்காதன் பணிந்து கேட்டான். அரசர், கூடாது என்று ஒரே அசைவாகத் தலையசைத்தார். பிறகு தம் மோர்க் குவளையை இவன் பக்கம் மெல்ல நகர்த்தினார்.

தாழம்பூ முத்திரை அரக்கில் இடப்பட்டது. முத்திரைக்கு அருகே காணும் சிறு குழி பூச்சி அரித்ததன்று; அரக்கு ஆறுமுன் அரசர் தம் கையாலேயே வெற்றிலைக் காம்பால் குத்தியது. அதையே அவரது கையொப்பமாகக் கொள்க.