சிவம் அண்ணையின் பிஸ்டல்

வியாழக்கிழமை, இரவு

போன மாதம் மாரடைப்பில் இறந்த சிவம் அண்ணையின் பிஸ்டலை இனி நான் இடுப்பில் கட்ட வேண்டுமாம். வங்கிகளுக்குக் காசு கொண்டுபோகும் வண்டியில் ஒன்பது வருடம் அவரும் நானும்தான் காவல்.

இன்று கனடாவின் பிறம்ரன் நகரிலுள்ள சுடுபயிற்சிக் கூடத்தில் அதைச் சுட்டுப் பார்த்தேன். மூன்றாவது வெடியில், சுட்ட ரவையின் வெற்றுக்கோது வெளியே வராமல் உள்ளே சிக்கிக்கொண்டது. பிஸ்டலைக் கழற்றிய பயிற்சியாளர், உள்ளே காய்ந்திருந்த மஞ்சள் பொருக்கைக் காட்டி என்னவென்று கேட்டார். தெரியாது என்றேன்.

சந்தனம். ஆயுத பூசையன்று வண்டிக்குள் வைத்து அண்ணை பூசுவார். "உது எங்களைக் காப்பாத்தும், பயப்பிடாதை தம்பி" என்பார்.

துடைத்த பிறகு ஐம்பது வெடியும் தடங்கலில்லாமல் போயின. பிஸ்டலை நம்பலாம் என்று படிவத்தில் கையெழுத்து வைத்தேன்.

ஒன்பது வருடத்தில் ஒருநாளும் அண்ணைக்கு அந்தப் பிஸ்டலை உருவ நேரவில்லை. இன்று நான்தான் சந்தனத்தைத் துடைத்தேன்.