தவிட்டு வயிறு

மாசி 9, செவ்வாய். கொட்டாஞ்சேனை.

இன்று என் வண்டிக் குதிரையை விற்றிருப்பேன்! தவிடு தின்று வயிறு பெருத்துச் சோம்பிவிட்டதென்று ஒரு மாதமாகத் தவிட்டைப் பாதியாக்கியிருந்தேன்.

வாங்க வந்த தெமட்டகொடைக் காதர் முதலில் அதற்கு ஒரு வாளி குளிர்ந்த தண்ணீர் வைக்கச் சொன்னார். அது குடிக்கும்போது வயிற்றில் கை வைத்திருந்தார். நல்ல மனுசன் என்று நினைத்தேன். பிறகு துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசினோம். நான் கேட்டதற்கு மேலேயே தந்தார். எந்த வியாபாரி அப்படித் தருவான்? துண்டிலிருந்து கையை உருவிக்கொண்டு போய்க் குதிரையின் வயிற்றில் அவர் தொட்ட இடத்தில் வைத்தேன். உள்ளேயிருந்து ஓர் உதை. குட்டி!

காதர் சிரித்துவிட்டார். “குளிர்ந்த தண்ணி உள்ள போனா குட்டி துள்ளும். சரி அண்ணே, பொறந்தா மொதல்ல எனக்குச் சொல்லுங்க.”

மனைவி சிரிக்கவில்லை. “உங்கட வயிறும் பெருத்துத்தான் கிடக்கு,” என்று இரவு பாதிச் சோறுதான் வைத்தாள். பசிக்கிறது. ஆனாலும் சிரிப்பு அடங்கவில்லை.