நண்டுக் கூடையில் வந்த சிவப்புப் பாசி

திருவொற்றியூர் குப்பம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் கரோலினுக்கு அம்மா ஆசீரோடு எழுதுவது. மாதா காவலில் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளை ஷிபினும் அந்தக் குளிர் தேசத்தில் அதே சுகத்தோடு இருக்க வேண்டும் என்று இன்றைய பூசையில் கேட்டுக்கொண்டேன். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வாய்தான் கட்டுக்குள் இல்லை, இனிப்பு டப்பாவை நான் இடம் மாற்றி மாற்றி ஒளித்து வைக்க வேண்டியிருக்கிறது. தினமும் போனில் பேசுகிறவள் எதற்காகக் கடிதம் எழுதுகிறாள் என்று நீ யோசிப்பாய். போனில் சொல்லத்தான் பார்த்தேன். உன் முகம் திரையில் வந்ததும் சாப்பிட்டாயா, ஸ்வெட்டர் போட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது பாப்பா. நீ இதைப் படிக்கும்போது நான் எதிரில் இருக்க வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

நீ சொல்லித்தான் நான் அந்தப் பல்கலைக்கழக வகுப்பில் சேர்ந்தேன். கடலோரப் பெண்களுக்குச் சனிக்கிழமைதோறும் கடற்பாசியை இனம் காணவும் பதப்படுத்தி வைக்கவும் சொல்லித்தருகிறார்கள் என்று மகளிர் குழுவில் சொன்னபோது, பத்தாவதோடு பையைத் தூக்கிப் போட்டவளுக்கு இதெல்லாம் எதற்கு என்று சிரித்தேன், நீதான் போ அம்மா என்றாய். துணைக்குப் பச்சையம்மா வந்தாள், அதுதான் அப்பாவோடு ஒரே போட்டில் கடலுக்குப் போகிற பாஸ்கரின் பெண்சாதி. சொல்லித்தருகிறவர் ரஹீமுன்னிசா மேடம், அதட்டிப் பேசவே தெரியாத மனுஷி. தட்டில் கடல் தண்ணீரை ஊற்றிப் பாசியை மிதக்கவிட்டு, அடியில் கெட்டிக் காகிதத்தைச் செருகி, பிரஷ்ஷால் கிளை கிளையாகப் பிரித்து, தண்ணீர் வழிய வழிய மெதுவாகத் தூக்க வேண்டும். மேலே மல் துணி, அதற்கு மேல் பேப்பர், அதற்கு மேல் பாரம். பேப்பரைத் தினமும் மாற்ற வேண்டும், வெயில் மட்டும் படக்கூடாது, பட்டால் நிறம் போய்விடும். நான் கருவாடு போடுகிற பழக்கத்தில் முதல் நாளே என் தட்டை மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன், பச்சையம்மா முந்தானையைப் பிடித்து இழுத்து வந்தாள். ஆனால் பிளேடால் மெல்லிசாகச் சீவி மைக்ராஸ்கோப்பில் வைப்பது எனக்கு நன்றாகவே வந்தது, மீன் நறுக்கிய கைதானே. மேடம் எல்லோரையும் கூப்பிட்டு என் சீவலைக் காட்டினார். அன்றைக்கே எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று நினைக்கிறேன்.

கடைசியில் அவரவர் கரையிலிருந்து ஒரு பாசி எடுத்து, பதப்படுத்தி, கீழே சீட்டு ஒட்டிக் கொண்டுவரச் சொன்னார்கள். பாசியின் பெயர், எடுத்த இடம், தேதி, எடுத்தவர் பெயர். மேடம் அன்றைக்குச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. பெயரைத் தப்பாக எழுதினால் நாளைக்கு யாராவது பார்த்துத் திருத்திவிடலாம், இடத்தைத் தப்பாக எழுதினால் பாசியைப் பார்த்து அதை யாரும் கண்டுபிடிக்க முடியாது, அது நம்முடைய நாணயத்தைப் பொறுத்ததுதான் என்றார். நானும் நன்றாகத் தலையாட்டினேன். வகுப்புக்கு வருகிற கோவளத்துப் பெண்கள் பழுப்பும் சிவப்புமாகக் கொண்டுவந்தார்கள், பார்க்கவே பட்டுச்சேலை மாதிரி இருந்தது. அலைக்குத் தடுப்பாகப் போட்ட நம் கல்லில் என்ன இருக்கிறது, வழுக்குகிற பச்சையைத் தவிர. பச்சையம்மா அதைத்தான் கொண்டுவந்து ஒழுங்காக எழுதியும் வைத்தாள். கோவளத்துக்காரி ஒருத்தி அதைப் பார்த்து, உங்க பக்கம் கல்லுல தார்தானே ஒட்டிக்கினு இருக்கும், பாசி கூட வருதா என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். ஆமா, கலீஜாத்தான் கீது, இன்னா பண்ண சொல்ற என்று பச்சையம்மாவும் சேர்ந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் என் பச்சைப் பாசியைப் பையை விட்டே எடுக்காமல், இன்னும் காயவில்லை, அடுத்த வாரம் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அந்த வாரம் வியாபாரத்துக்கு நண்டு எடுக்கக் காசிமேட்டுக்குப் போனேன். ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து லாரியில் வந்த கூடைகள். வழியில் நண்டு சாகாமல் இருக்க மேலே ஈரப் பாசியை அள்ளிப் போட்டு மூடி அனுப்புவார்கள், நீயும் பார்த்திருக்கிறாய், கூடை காலியானதும் காலால் தள்ளிவிடுவோம். அதில் ஒன்று கருஞ்சிவப்பாக, தண்டெல்லாம் குட்டிக் குட்டி முள்ளாக, கொஞ்சமும் கசங்காமல் கிடந்தது. வகுப்பில் பாடம் எடுத்த பாசிதான், அகான்தோஃபோரா என்று பெயர், பார்த்ததும் தெரிந்துவிட்டது. வீட்டுக்குக் கொண்டுவந்து, மேடம் சொன்னபடி ஒன்று விடாமல் செய்தேன். அழகாக வந்தது. எடுத்த இடம் என்கிற வரியில் திருவொற்றியூர் கல் தடுப்பு என்று எழுதினேன். தெரியாமல் எழுதவில்லை, பேனாவை எடுத்து, யோசித்து, நிதானமாக எழுதினேன்.

மேடத்துக்கு வந்த சந்தோஷத்தை நீ பார்த்திருக்க வேண்டும். இந்தப் பக்கத்தில் நான் இதைப் பார்த்ததே இல்லையே அம்மா என்று என் கையைப் பிடித்துக்கொண்டார், கோவளத்துக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினார். அன்றைக்குத்தான் அந்தத் தாளையும் என்னையும் சேர்த்துப் படம் பிடித்து உனக்கு அனுப்பினேன், நீ அதை ஃபேஸ்புக்கில் போட்டு, எங்க ஊர் கடலில் என் அம்மா கண்டுபிடித்தது என்று எழுதினாய். எத்தனை பேர் உன்னை வாழ்த்தினார்கள் என்று நீ படித்துக் காட்டினாய், நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

அதற்குப் பிறகுதான் அந்தக் கூட்டம். நமக்கு வடக்கே வரப்போகிற புது ஆலையின் சுடுதண்ணீர்க் குழாயைக் கடலில் இறக்குவது பற்றி ஜனங்களிடம் கருத்துக் கேட்டார்கள். கடல் ஏற்கெனவே கெட்டுக் கிடக்கிறது, மீன் ஓடிவிட்டது, இதையும் இறக்கினால் நாங்கள் எங்கே போவது என்று பாஸ்கர் எழுந்து பேசியிருக்கிறான். ஆலையின் ஆள் ஒருவர் போனை எடுத்து நீ போட்ட படத்தைக் காட்டினாராம். உங்கள் ஊர்ப் பெண்மணியே இந்தக் கரையில் சிவப்புப் பாசி எடுத்திருக்கிறார், தண்ணீர் நன்றாக இருந்தால்தானே இது வளரும் என்றாராம். பாஸ்கர் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அப்பாவும் அங்கேதான் இருந்தார். வீட்டுக்கு வந்து சட்டையைக் கூடக் கழற்றாமல், எந்தக் கல்லுல எட்த்த, இட்டுகினு போய் காட்டு என்றார். நான் நண்டுக் கூடையைச் சொன்னேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன், கத்தவில்லை. நம்ம வயித்துல நாமே மண்ண போட்டுகினோம் வியாகுலம் என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். முப்பது வருஷமாக அந்தக் கடலில் வலை போடுகிற மனுஷன்.

கோவிலில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன், அங்கே திரை இருக்கிறது, முகம் தெரியாது. சனிக்கிழமை வகுப்பில் எந்தத் திரையும் இல்லை. எல்லோரும் இருக்கும்போதே சொன்னேன், மேடம், அது நம் கடல் பாசி இல்லை என்று. மேடம் முகம் வாடிவிட்டது. பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. வெளியூரில் இருக்கிற சிநேகிதர்களுக்கு இதைப் பற்றி எழுதிவிட்டேனே என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். கிழித்துப் போட்டுவிடுங்கள் என்றேன். இங்கே எதையும் கிழிக்க மாட்டோம் அம்மா, பழையது தெரிகிற மாதிரி ஒரு கோடு போட்டு, பக்கத்தில் உண்மையை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் என்றார். போட்டேன். அந்தத் தாள் அவர்கள் பீரோவில் எத்தனை காலத்துக்கு இருக்குமோ, திறக்கிறவர்கள் எல்லாம் நான் எழுதிய இரண்டையும் படிப்பார்கள். பச்சையம்மா என் பக்கத்து ஸ்டூலை எடுத்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டாள். பஸ்ஸிலும் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். எங்க ஊட்டுக்காரு பேசன பேச்செல்லாம் வீணா பூட்ச்சே அக்கா என்று இறங்கும்போது சொன்னாள், திட்டியிருந்தால் கூடத் தேவலை.

அந்தக் கூட்டம் இன்னும் முடியவில்லை, அடுத்த மாதம் மறுபடி கூடுகிறது. மைக்கில் பேச நான் பெயர் கொடுத்திருக்கிறேன். அப்பா நானும் வர்றேன் என்றார். என் கடலைப் பார்த்து நான் வெட்கப்பட்டேன் பாப்பா, அதற்குத்தான் இந்த வெட்கம் கிடைத்தது. கடல் என்ன செய்யும், அதில் கொட்டினதைத்தானே அது காட்டும்.

நீ இரவு டியூட்டியில் வெறும் வயிற்றோடு நிற்காதே, மாப்பிள்ளையிடம் முகம் சுளிக்காதே, மாதா உங்கள் இருவரையும் கைவிடாமல் காக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. அந்தப் படத்தைச் சத்தம் போடாமல் எடுத்துவிடாதே, பார்த்தவர்கள் பார்த்ததையே நம்பிக்கொண்டிருப்பார்கள். படம் இருக்கட்டும், அதற்கு மேலே உண்மையை எழுது. என்னைப் பற்றி அப்படி எழுத உனக்குக் கை வராது என்று எனக்குத் தெரியும், அதனால் நானே எழுதித் தருகிறேன், ஒரு எழுத்தும் மாற்றாமல் போடு: இந்தப் பாசி எங்கள் கடலில் வளர்ந்தது இல்லை, தெற்கிலிருந்து வந்த நண்டுக் கூடையில் இருந்தது, எங்கள் கல்லில் பச்சைப் பாசி மட்டும்தான் இருக்கிறது, இடத்தைப் பொய்யாக எழுதியது என் அம்மா வியாகுலம்மாள்.

இப்படிக்கு,
அந்த வியாகுலம்மாள்தான்,
உன் அம்மா.