அப்பாவின் லைபேஸ்

மார்ச் 3, திங்கள்

ஆய்வுக்கு இன்னொரு ஆள் கிடைத்தார். பித்தக்குழாயில் கல். வாய் வழியாக கேமராக் குழாயை விட்டு எடுத்துவிடுகிறோம். கல் சமர்த்தாக வந்துவிடும். பக்கத்து வீட்டுக் கணையம்தான் தொட்டாச்சிணுங்கி. சிலருக்கு வீங்கிக்கொண்டு உயிரை வாங்கும். யாருக்கு என்று அது சொல்லாது, நான் சொல்வேன்! நாலு மணி நேரம் கழித்து ரத்தத்தில் லைபேஸ், அதாவது கணையத்தின் நொதி, எவ்வளவு என்று பார்ப்பேன். ஏறியிருந்தால் படுக்கை, இல்லாவிட்டால் வீடு. இதுவரை நான் வீட்டுக்கு அனுப்பிய ஒருவரும் வலியோடு திரும்பவில்லை. தலைக்கனம் கொஞ்சம் ஏறியிருக்கிறது. கொஞ்சம்தான்.

மார்ச் 5

அப்பாவின் கண் மஞ்சள். ஸ்கேனில் கல். வேறென்ன. எங்கள் வார்டிலேயே சேர்த்தேன்.

அப்பா டிரைவிங் லைசென்ஸ் கொடுக்கும் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் பாதிப் பேரை ஃபெயில் போட்டவர். மீதிப் பேர் பயந்துபோய் வேறு ஊரில் லைசென்ஸ் வாங்கினார்கள்.

“என்னையும் உன் ஆராய்ச்சியில சேத்துக்கோ” என்றார். சீஃப் டாக்டரிடம் கேட்டேன். “சொந்தக்காரங்க கூடாது. ரத்தம் வேணா பாத்துக்கோ, கணக்குல வராது.” திரும்பி வந்தால், அப்பா பக்கத்துப் படுக்கைக்காரரிடம், “என்னை வச்சுதான் பொண்ணு ஆராய்ச்சி பண்றா” என்று அளந்துகொண்டிருக்கிறார். எப்படிச் சொல்வது? விட்டுவிட்டேன்.

மார்ச் 7

கல் வந்துவிட்டது. லைபேஸ் தங்கம். வார்டு முழுக்கக் கேட்கும்படி, “வீட்டுக்குப் போகலாம்” என்று அறிவித்தேன்.

“வலி இருக்காப்பா?”

“கொசு கடிச்சாக்கூட இதைவிட வலிக்கும்.”

மார்ச் 8

போன் செய்தேன். “சூப்பரா இருக்கேன்” என்றார். இந்த மனுஷன் எதையும் சூப்பர் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. கல் போன சந்தோஷம் போலிருக்கிறது. மாநாட்டுக்கு ஸ்லைடு போட உட்கார்ந்துவிட்டேன்.

மார்ச் 9

காலையில் அம்மா போன். “உங்கப்பா நேத்துலேர்ந்து என்கூட ஒரு சண்டைகூடப் போடலடி. காபியில சர்க்கரை போட மறந்துட்டேன், ‘பரவால்ல’ன்னுட்டார். எனக்குப் பயமா இருக்கு.”

ஓடினேன். நேற்று ‘சூப்பர்’ என்றபோதே உறைத்திருக்க வேண்டாமா? தலையணையை வயிற்றோடு அணைத்துச் சுருண்டு கிடந்தார். “ஒண்ணுமில்ல, வெறும் கேஸ்” என்றார். தொட்டதும் அலறினார். மறுபடி வார்டு. இப்போது லைபேஸ் எங்கேயோ போய் நிற்கிறது. வாய் வழியாகச் சாப்பாடு, தண்ணீர் ஒன்றும் கிடையாது. இரண்டு கையிலும் டிரிப்.

மார்ச் 10

நம்பராம் நம்பர். மண்ணாங்கட்டி நம்பர். சிறுநீர் சரியாகப் போகவில்லை, கிட்னியும் படுத்துவிடுமோ. அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் — வேண்டாம். எழுத மாட்டேன்.

மார்ச் 11

சிறுநீர் போகிறது. அதைப் பார்த்து அழுதேன். இந்த வேலையில் எதெதற்கெல்லாம் அழ வேண்டியிருக்கிறது!

மார்ச் 13

டிரிப் ஊசி குத்தத் தெரியவில்லை என்று நர்ஸை ஃபெயில் போட்டுவிட்டார். பிழைத்துக்கொண்டார் என்று அர்த்தம்.

கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன். “ஏம்ப்பா சொல்லல?”

மேலே மின்விசிறியைப் பார்த்தார். “எல்லாருக்கும் சரியா வந்திருக்கு. என்னால உன் டெஸ்ட் ஃபெயில் ஆகணுமா? ஊரையே ஃபெயில் போட்டேன். பெத்த பொண்ணை எப்படிப் போடறது?”

கோபம் வந்தது. “நீங்க கணக்குலயே இல்லப்பா! சொந்தக்காரங்களைச் சேக்கக் கூடாது.”

மின்விசிறியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு, “அடிப்பாவி! முன்னாடியே சொல்லித் தொலைச்சிருந்தா அன்னிக்கே கத்தியிருப்பேனே!”

சிரித்தார். சிரித்ததில் வயிறு வலித்தது. “வலிக்குதுடி” என்றார், தானாகவே. அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 18

அப்பா வீட்டுக்குப் போய்விட்டார். காபியில் சர்க்கரை அதிகம் என்று காலையிலேயே ரகளையாம். அம்மா சந்தோஷமாகப் புகார் சொன்னாள்.

ஆய்வுக்குப் புது ஆள். லைபேஸ் சரியாகத்தான் இருந்தது. வலி இல்லை என்றார். வயிற்றை இரண்டு தடவை அழுத்திப் பார்த்தேன். பிறகு அவர் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டேன்.

“வீட்டுல உங்ககூடச் சண்டை போடுவாரா?”

“போடாம? தினமும்தான்.”

“போடலைன்னா உடனே எனக்கு போன் பண்ணுங்க.”