பச்சை ரம்பத்துக்குப் பிரேக் போட்டது

அன்புள்ள சின்னவனுக்கு அம்மா எழுதுவது.

நீ அங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறாய், வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். இங்கே அப்பா, மாமா, நான் மூன்று பேரும் முழுசாக இருக்கிறோம். முழுசாக என்பதை அழுத்தி எழுதியிருக்கிறேன், பார்த்துக்கொள். உன் மாமா போனில் "ரம்பம் எகிறி அப்பா மூஞ்சிக்கே வந்துடுச்சுடா" என்று சொன்ன நேரம் பார்த்து லைன் போய்விட்டதாம், நீ அன்றைக்குப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லையாம். அதைக் கேட்டு அவனை நான் திட்டிய திட்டு தெருமுனை வரைக்கும் போயிருக்கும். அப்புறம் நானே கூப்பிட்டு ஒன்றுமில்லை என்று சொன்னாலும் நீ நம்பவில்லை, "நீ மறைக்கிறே, எழுத்துல கொடு" என்றாய். இதோ எழுத்தில் கொடுக்கிறேன். அப்பா முகத்தில் ஒரு கீறல்கூடக் கிடையாது. இடது தோளில் உள்ளங்கை அகலத்துக்கு நீலம் பாரித்திருக்கிறது, டாக்டர் படம் எடுத்துப் பார்த்து எலும்பில் விரிசல்கூட இல்லை என்று சொல்லிவிட்டார். இதை எழுதும்போது அவர் பின்வாசலில் உட்கார்ந்து, சட்டை போடாமல், அந்த நீலத்தை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறார். போதுமா? இனி நிதானமாகப் படி.

எல்லாம் அந்தப் பச்சை ரம்பத்தால் வந்தது. மரம் அறுக்கப் போக இருக்கிற இரண்டு பழைய ரம்பம் போதாதென்று, போன மாதம் பழைய இரும்புக் கடையிலிருந்து அப்பா இன்னொரு செயின் ரம்பத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார், பெண் பார்த்துவிட்டு வந்தவர் மாதிரி முகமெல்லாம் சிரிப்பு. எவனோ அதற்கு வாசல் கேட்டுக்கு அடிக்கிற பச்சைப் பெயிண்டை மூடி, திருகு, ஓட்டை என்று பார்க்காமல் பூசி வைத்திருந்தான். பெயர்த் தகடு இல்லை. அது இருந்த இடத்தில் இரண்டு ஆணி ஓட்டைதான் மிச்சம், பக்கத்தில் ஏதோ தண்ணீர் பம்பிலிருந்து பிய்த்து ஒட்டிய ஸ்டிக்கர். உனக்குப் படம் அனுப்பினேனே, நீயும் பச்சை ரம்பம் பச்சை ரம்பம் என்று தேடிவிட்டு அப்படி ஒரு கம்பெனியே இல்லையேம்மா என்றாய், நினைவிருக்கிறதா? என் பட்டறை மேஜையில் வைத்து, கார்புரேட்டரைக் கழுவி, வெடித்துப்போயிருந்த பெட்ரோல் குழாயை மாற்றி, கயிற்றை இழுத்தேன், முகத்துக்கு நேரே புகையைக் கக்கிவிட்டுப் பிடித்துக்கொண்டது. என்ன சத்தம், என்ன இழுப்பு! பொய் சொல்லக் கூடாது, எனக்கும் பிடித்துப்போனது. ஆனால் முன்னால் வெறும் வளைந்த குழாய்க் கைப்பிடி மட்டும்தான், கைக்கு முன்னே தடுப்பும் இல்லை, பிரேக்கும் இல்லை. செயின் சுற்றி ஓடுகிற நீளத் தகடு இருக்கிறதே, பார், அதன் நுனி எதிலாவது இடித்தால் ரம்பம் அப்படியே மேலே எகிறும், அந்த நேரத்தில் கை போய்த் தடுப்பில் பட்டு, அந்தத் தடுப்பு பிரேக்கைப் பிடித்து, செயினை நிறுத்த வேண்டும். இதில் நிறுத்த ஒன்றுமே கிடையாது. பிரேக் போடாமல் இது வாசலைத் தாண்டாது என்றேன். அவர் உடனே, "பிரேக்கு சைக்கிளுக்கு வேணும், எனக்கு எதுக்கு" என்றார். மூஞ்சிக்கு வேணும் என்றேன். அதோடு பேச்சு முடிந்தது, உண்மையாகவே முடிந்தது, அதற்கப்புறம் உப்பை எடு என்பதைக்கூட மாமா வழியாகத்தான் சொல்லிக்கொண்டோம்.

எந்த மாடல் என்று தெரியாமல் எந்தப் பிரேக் பொருந்தும் என்று எப்படித் தேடுவது? பெயிண்டைச் சுரண்டினேன், பச்சைக்கு அடியில் சாம்பல், அதற்கும் அடியில் ஆரஞ்சு. கயிறு இருக்கிற பக்கத்து மூடியையும் காந்தச் சக்கரத்தையும் கழற்றினால் உள்ளே பிளக்குக்குத் தீப்பொறி கொடுக்கிற பழைய காலத்துப் பாயிண்ட் இருந்தது, ஆக ரம்பத்துக்கு நல்ல வயசு என்று புரிந்தது. அடிப்பக்கத்தில் வார்ப்பிலேயே வந்த எண் ஒன்று, பாதி தேய்ந்திருந்தது, அதன் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்துத்தான் படிக்க முடிந்தது. அதைவிட எனக்கு வழி காட்டியது கைப்பிடிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சின்ன மேடு. ஓட்டையும் இல்லை, மரையும் இல்லை, சும்மா ஒரு மேடு. சும்மா எவனும் வார்ப்பில் மேடு வைக்க மாட்டானே என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். சமைக்கும்போது, குழம்பைக் கிண்டிக்கொண்டிருக்கும்போதுதான் பொறி தட்டியது. அடுப்பை அணைத்துவிட்டு ஓடிப்போய், பிஸ்டன் இறுகிப்போய் மேல் பலகையில் ரொம்ப நாளாகத் தூங்குகிறதே ஒரு ரம்பம், அதை இறக்கிப் பார்த்தேன். அதிலும் அதே மேடு, அதே இடம். ஆனால் பலகை ரம்பத்தில் அந்த மேட்டில் ஓட்டை போட்டு, பிரேக் தடுப்பின் ஆணியை அதில்தான் இறக்கியிருந்தார்கள். அண்ணனும் தம்பியும்! இரண்டிலும் பாரைப் பூட்டுகிற போல்ட் இடைவெளியும் அச்சு பிசகாமல் ஒத்துப்போனது. தனியாக நின்று கைதட்டிவிட்டேன், பக்கத்து வீட்டுப் பூனை மிரண்டு ஓடியது.

அதற்கப்புறம் வேலைதான். பலகைத் தம்பியிலிருந்து பிரேக்கும் தடுப்பும் சேர்ந்த மூடியை மொத்தமாகக் கழற்றி, பச்சை அண்ணனின் மேட்டில் ஓட்டை போட்டு, மரை வெட்டி, கைப்பிடியில் இடித்த இடத்தை அரத்தால் ராவி, பிரேக் பட்டையில் இருந்த எண்ணெயைத் துடைத்து, எத்தனை தடவை பூட்டிக் கழற்றினேன் என்று எனக்கே தெரியாது. இதற்கு நடுவில் காற்றடித்து, முனை வீட்டுத் தையற்காரர் கூரைமேல் பின்பக்க மரம் சாய்ந்துவிட்டது. அப்பா நாளைக்கே வருகிறேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, பெரிய மரம், இந்தப் பச்சைதான் தாங்கும் என்று மாமாவிடம் சொல்லிக்கொண்டே வந்து நின்றார். நான் ரம்பத்தின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி என் பையில் போட்டுக்கொண்டேன். மனுஷர் அலமாரி, மேஜை இழுப்பறை, மாவு டப்பா என்று ஒன்று விடாமல் தேடினார். "மரத்துக்கு முன்னாடி நிக்கிறது நானா, நீயா?" என்று, பேசுவதில்லை என்பதையும் மறந்து கத்தினார். நீங்கள்தான், அதனால்தான் என்றேன். ராத்திரியோடு வேலையை முடித்து, காலையில் பிரேக்கைச் சோதித்துப் பார்த்துவிட்டுப் பிளக்கைக் கையில் கொடுத்தேன். நன்றி இல்லை, ஒன்றும் இல்லை, தொட்டிலுக்குக் கம்பி கட்டின மாதிரி இருக்கு என்று முணுமுணுத்துக்கொண்டு போனார்.

நடந்ததை மாமா சொன்னபடி சொல்கிறேன். கூரையில் கிடந்த கிளைகளை எல்லாம் எடுத்தாயிற்று, நடுமரத்தை அறுக்கிறார், இலைக்குப் பின்னால் இன்னொரு கிளை மறைந்திருந்தது தெரியவில்லை. பாரின் நுனி அதில் பட்டிருக்கிறது. கண்ணை மூடித் திறப்பதற்குள் ரம்பம் தலைகீழாகத் திரும்பி அவர் கழுத்துக்கு வந்துவிட்டதாம். ஆனால் கை தடுப்பில் மோதி டக் என்று ஒரு சத்தம், செயின் நின்றுவிட்டது. செயின் நின்றுபோன பாரின் அடிதான் தோளில் விழுந்தது. இஞ்சின் மட்டும் பாவம், ஒன்றும் தெரியாத மாதிரி ஓடிக்கொண்டே இருந்ததாம். சட்டைக் காலரில் செயின் பல் பதிந்து எண்ணெய்க் கறை இருக்கிறது, துணிகூடக் கிழியவில்லை. தையற்காரர் தன் கடையிலிருந்து நாற்காலி கொண்டுவந்து போட்டு, அப்பாவுக்கு முன்னால் தானே அதில் உட்கார்ந்துவிட்டாராம்.

அப்பா வீட்டுக்கு வந்து ரம்பத்தை என் மேஜைமேல் வைத்தார். நான் தோளைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்கிறேன், அவர் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கிறார். மாமா அவரை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய் வந்த பிறகு என்னைத் தனியாக அழைத்து இன்னொன்றும் சொன்னான். அறுக்க ஆரம்பிப்பதற்கு முன்னால், இந்தத் தடுப்பு இடது கைக்கு இடைஞ்சலாக இருக்கிறது, கழட்டிடலாம், ஸ்பேனரைக் கொடு என்று அப்பா கேட்டாராம். இவன், "வீட்டுலேயே வெச்சுட்டு வந்துட்டேன் அத்தான்" என்று சொல்லிவிட்டானாம். ஸ்பேனர் அவன் பேன்ட் பையில்தான் இருந்தது. அக்கா கஷ்டப்பட்டுப் போட்டதாச்சே என்று தோன்றியதாம். அதுவரைக்கும் கெட்டியாக இருந்தவள் அப்போதுதான் உட்கார்ந்து அழுதேன். உன்னைப் பயமுறுத்தியதற்குத் திட்டினேன் இல்லையா, அந்தத் திட்டையெல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டேன் என்று அவனுக்குச் சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன், அப்பா சமையலறை வாசலில் வந்து நின்றார். இத்தனை நாளில் கத்தாமல் நேராக என்னிடம் பேசிய முதல் பேச்சு: "உன் தம்பி பொய் சொன்னான். ஸ்பேனர் அவன் பையில நீட்டிக்கிட்டு இருந்துச்சு, நான் பார்த்தேன்." பார்த்துமா கேட்டு வாங்கவில்லை என்றேன். "நீ அத்தனை நாள் குனிஞ்சு செஞ்சது. போன உடனே கழட்டினா நல்லாவா இருக்கும்" என்றார். அவ்வளவுதான், ஒரு துணியை எடுத்து நான் கழுவி வைத்த தட்டுகளைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார், வலிக்கிற கையாலேயே. நானும் அடுத்த தட்டை அவரிடம் நீட்டினேன். இப்போது மற்ற இரண்டு பழைய ரம்பங்களும் என் மேஜையில்தான் இருக்கின்றன, அவரே தூக்கிக்கொண்டு வந்து வைத்தார். ஒன்றுக்குப் பொருந்துகிற பிரேக் கிடைக்காது என்று நினைக்கிறேன், அப்படியானால் அதைப் பிரித்து உதிரிக்கு வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

ஆகவே கண்ணா, மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே, லீவு போட்டுக்கொண்டு ஓடி வராதே, வருகிறபோது சந்தோஷமாக வந்தால் போதும். வேலையில் அவசரப்படுத்துகிறார்கள் என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. தலைவலி மாத்திரையைத் தினமும் விழுங்காதே, கண்ணைக் காட்டு. நீ நீண்ட ஆயுளோடு, நிறைந்த மனசோடு, எங்கே இருந்தாலும் நாலு பேருக்கு வேண்டியவனாக இருக்க வேண்டும், எங்கள் இரண்டு பேர் ஆசீர்வாதமும் எப்போதும் உனக்கு உண்டு. ஒன்றை மட்டும் மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கூப்பிடு. ரம்பத்தைப் பற்றி நீயாக எதுவும் கேட்காதே, வேறு எதையாவது பேசு. அவராக ஆரம்பித்தால் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள், நடுவில் நிறுத்தினாலும் அவசரப்படுத்தாதே. அந்த நேரம் அவருக்கு எப்படி இருந்தது என்று இன்னும் அவர் யாரிடமும் சொல்லவில்லை.

உன் வருகையைப் பார்த்திருக்கும்,
அம்மா