சுக்கு சேர்ந்த பச்சிலை

வெள்ளம் வந்து நம் வெள்ளாடு கூரையேறி நின்ற வருஷத்துக்கு அடுத்த ஆனி மாதம், பாளையங்கோட்டையிலிருந்து மாரித்தாய்க்கு உன் வீட்டுக்காரன் சொல்லச் சொல்ல, கல்லூரியில் ஆராய்ச்சி படிக்கும் ரீபா எழுதுவது. நான் சுகம். உன் இருமல் நின்றதா?

இங்கே ஒரு சின்ன விஷயம் நடந்தது, பயப்படாதே. மூட்டுவலிக்கு நாம் குடிக்கும் பச்சிலையின் சத்தை ரீபா சோதிக்கிறாள், அதற்குக் கூடமாட உதவத்தானே நான் வந்திருக்கிறேன். ஊதாநிறத் தண்ணீரில் இலைச்சாற்றை விட்டால், சத்துள்ள இலைக்கு நிறம் வெளுத்து மஞ்சளாகும். உலர்ந்த இலை முழுவதையும் என்னை இடிக்கச் சொன்னாள். சாற்றை விட்டதுமே மஞ்சளாகிவிட்டது. அவளுடைய சார் துள்ளிக் குதித்தார்.

“சுக்கும் மிளகும் அளவா விழுந்திருக்குல்லா, அதான்” என்றேன்.

“ஐயோ தாத்தா! அதை யாரு போடச் சொன்னா?”

“போடாம வெறும் இலைய எவம்மா குடிப்பான்?”

“இது குடிக்கதுக்கா தாத்தா? என் படிப்பே இதுலதான இருக்கு!” என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். இப்போது இதை எழுதும்போது மட்டும் சிரிக்கிறாள்.

வெள்ளிக்கிழமைக்குள் புது இலை வராவிட்டால் அவளுடைய ஆறு மாத உழைப்பு வீண். நீயே பறித்துக்கொண்டு பஸ் ஏறி வா. என் பழைய போர்வையையும் எடுத்து வா. இரண்டு நாள் இங்கேயே இருக்கலாம், எனக்குத் தந்த அறையில் இடம் நிறைய கிடக்கிறது.

கடிதம் கொண்டுவரும் கண்டக்டர் விசில் ஊதுகிறார். எனக்கு அந்தச் செடி அடையாளம் தெரியாது. தெரிந்தவர்களில் பேச்சியக்கா வெள்ளத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தாள், உன் அண்ணன் சொரிமுத்து பங்குனியில் போனார். மிச்சம் நீ ஒருத்திதான், மாரித்தாய்.